மூன்றாவது மாடி வீட்டில் மெஷின்கள் ஏன் படுத்துக்கொண்டன: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை மேடவாக்கம் பக்கம் ஒரு சின்ன அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். என் அக்கா வீடு. அக்கா, மாமா, மாமாவின் அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர். தண்ணீர் போர்வெல், கோடையில் லாரி. இந்த வீட்டில் வாங்கி மூன்று வருடம் ஆகாத ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் படுத்துவிட்டது, ஃப்ரிட்ஜுக்கு போர்டு மாற்ற வேண்டி வந்தது, இண்டக்‌ஷன் அடுப்பு ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி டப் என்ற சத்தத்தோடு போயே போய்விட்டது. மூன்றுமே பெயர் பெற்ற கம்பெனி. மூன்றுமே ஷோரூமில் ஆயிரம் கேள்வி கேட்டு, நெட்டில் மற்றவர்கள் போட்ட நட்சத்திரத்தையெல்லாம் எண்ணிப் பார்த்து வாங்கியவை. "இப்ப வர்ற பொருள் எல்லாமே இப்படித்தான்டா" என்பது மாமாவின் தீர்ப்பு.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் போகிறோம், எந்த கம்பெனி நல்லது என்று மட்டும் சொல்லு என்று அக்கா கேட்டாள். நான் ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். ஒரே லைனில் மூன்று மெஷின் அடுத்தடுத்துப் போனால் மெஷின்காரனைத் திட்டுவதற்கு முன்னால் லைனைத்தான் பார்ப்போம். அதனால் கடைக்குப் போவதைத் தள்ளிப் போட்டுவிட்டு முதலில் வீட்டைப் பார்க்கலாம் என்றேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, ஆடித் தள்ளுபடி முடிந்துவிடும் என்று ஒரே அவசரம்.

கம்பெனி பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்ப அழைத்தது, சுழலும்போது ஏற்படும் அதிர்வில் மேல்பகுதியே கழன்று வர வாய்ப்பிருந்தது என்பதால். பிரிட்டனில் வேர்ல்பூல் குழுமத்தின் ஹாட்பாயிண்ட், இண்டெசிட் துணி உலர்த்திகளில் பஞ்சு ஹீட்டரில் பட்டுத் தீப்பிடிக்கும் குறை 2015-இல் வெளியே வந்து பல வருடம் இழுத்தது. இந்த கம்பெனிகளே நல்ல மெஷின்களும் செய்கின்றன. கம்பெனி பெரியதாக இருந்தால் குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்து தரும் என்று ஓரளவு நம்பலாம், அவ்வளவுதான். குறிப்பிட்ட மாடல் குறிப்பிட்ட வீட்டில் எத்தனை வருடம் ஓடும் என்பதைப் பெயர் சொல்லாது.

சரி, வாஷிங் மெஷினுக்கு வருவோம், இந்த வீட்டுக் கதையில் பாதி அதுதான்.

பழைய மெஷின் அடிக்கடி தண்ணீர் வரவில்லை என்று பிழைக் குறி காட்டி நின்றுவிடும். சர்வீஸ் ஆள் வந்து இன்லெட் வால்வை மாற்றினார், கொஞ்ச நாளில் மறுபடியும் அதே தொல்லை. அடுத்து வந்தவர் போர்டு போயிருக்கும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார். குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது, பிறகு எப்படி? துப்பு கொடுத்தது மாமாவின் அம்மா, எங்கள் அத்தைதான். "காலைல போட்டா ஓடுதுப்பா, மத்தியானத்துக்கு மேல போட்டாதான் பீப் பீப்னு கத்துது" என்றார். போர்டு கெட்டுப்போனால் அது மணி பார்த்துக் கெடாது. காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புகிறார்கள், மத்தியானத்துக்குள் நான்கு வீடும் சேர்ந்து பாதிக்கு மேல் காலி செய்துவிடுகிறார்கள். இதுதான் விஷயம்.

மெஷினின் கையேட்டில் தண்ணீர் அழுத்தம் குறைந்தது 0.03 மெகாபாஸ்கல் வேண்டும் என்று போட்டிருந்தது, அதாவது 0.3 பார். தண்ணீர் நிற்கும் உயரத்தை வைத்தே இதைக் கணக்குப் போட்டுவிடலாம், 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். டேப் எடுத்து அளந்தோம். மெஷினுக்கான குழாய் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், கூரை 3 மீட்டரில், கூரைக்கு மேல் தொட்டியின் அடிப்பாகம் 60 சென்டிமீட்டர் மேடையில், தொட்டிக்குள் நிறைந்திருந்தால் இன்னொரு மீட்டர் தண்ணீர். ஆக, தொட்டி நிறைந்திருக்கும்போது 3.6 மீட்டர், அடியில் கொஞ்சம் கிடக்கும்போது 2.6 மீட்டர். 0.36 பாரிலிருந்து 0.26 பார் வரை. குழாய் வளைவிலும் வால்விலும் இழப்பதைச் சேர்த்தால் இன்னும் குறைவு. மெஷின் கேட்ட 0.3 அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நிறைந்த தொட்டியில் தப்பிக்கும், பாதித் தொட்டியில் நிற்கும். இதே மெஷினை முதல் மாடியில் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. கீழ் வீட்டுக்காரரிடம் அதே மாடல் இருக்கிறது, சத்தமில்லாமல் ஓடுகிறது, அவர் அதை ஆஹா ஓஹோ என்று சிபாரிசு செய்துதான் அக்கா வாங்கினாளாம். அவர் சொன்னதும் பொய்யில்லை.

ஆனால் மெஷின் கடைசியாகப் படுத்தது அழுத்தத்தால் இல்லை, உப்பால். கழற்றி எடுத்த ஹீட்டரைப் பார்த்தேன். கம்பி எங்கே என்றே தெரியாத அளவுக்கு வெள்ளையும் பழுப்புமாகக் காறை பிடித்திருந்தது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. கடினத் தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் கால்சியம் கார்பனேட்டாகிப் படியும், சூடான இடத்தில்தான் முதலில் படியும். அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது, ஹீட்டர் உள்ளேயே வெந்து சாகும். குழந்தைகளின் யூனிஃபார்மை எப்போதும் 60 டிகிரியில் போட்டிருக்கிறார்கள், ஷோரூமில் அதுதான் கிருமியைக் கொல்லும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நிறைய பேர் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லாமும் சேர்ந்தது, கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. காறைக்குக் காரணம் அந்த இரண்டும்தான். அதற்குக் கடினத்தன்மை பார்க்கும் கிட் தனியாக விற்கிறது, விலையும் சல்லிசு. தண்ணீரில் மருந்தைப் போட்டதும் ஒயின் நிறத்துக்கு மாறும், அப்புறம் இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும், ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகும். சொட்டுகளை எண்ணி கிட்டில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்கினால் விடை. இங்கே லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, ஏற்கத்தக்கது 200, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை என்கிறது. துணி துவைக்கும் மெஷினுக்குத் தனி வரம்பு எதுவும் அதில் கிடையாது, ஆனால் 500 என்றால் ஹீட்டர் வைத்த எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

சாஃப்ட்னர் வைக்கலாமே என்றார் மாமா. வைக்கலாம், உள்ளே இருக்கும் ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், சாதாரண உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவினால் மறுபடி வேலை செய்யும், நல்ல பொருள்தான். ஆனால் அதற்குள் புகுந்து வரும்போது தண்ணீர் இன்னும் அழுத்தம் இழக்கும். ஏற்கெனவே 0.26-இல் தள்ளாடும் வீட்டில் அதையும் மாட்டினால் கூடவே பூஸ்டர் பம்ப் வேண்டும், பம்புக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டும், பம்பின் சத்தத்தை ஹாலில் படுக்கும் அத்தை பொறுக்க வேண்டும். காறை பிடிக்காது என்று சொல்லிக் குழாய்மேல் மாட்டும் காந்தத்தையும் ஒரு கடைக்காரர் காட்டினார். அதில் நான் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன்.

ஆகவே ஃப்ரண்ட் லோடு வேண்டாம் என்று முடிவாயிற்று. அக்காவுக்கு மனசே இல்லை. ஃப்ரண்ட் லோடு தண்ணீரை மிச்சப்படுத்தும், துணியையும் கசக்காது, அது உண்மைதான். 7 கிலோ மெஷின் 50, 60 லிட்டர் சுமாருக்குள் முடித்துவிடும் வேலைக்கு டாப் லோடு 100 லிட்டருக்கு மேல் கேட்கும், லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அத்தையோ செமி ஆட்டோமேட்டிக் போதும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது: பக்கெட்டில் ஊற்றினாலும் ஓடும், அழுத்தம் தேவையில்லை, போர்டு கிடையாது, டைமரும் பெல்ட்டும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் ஈரத்துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போட ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும். அந்த ஆள் அத்தையாக இருக்கப் போவதில்லை, அக்காவாகத்தான் இருக்கும். அதை அக்காவே வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

வந்து நின்றது ஹீட்டர் இல்லாத டாப் லோடு. அதிலும் கையேட்டைப் பார்த்து, 0.2 பாருக்குக் கீழேயும் தண்ணீர் பிடிக்கும் மாடல். விற்பனையாளருக்கு இந்த எண் தெரியாது, தெரியாது என்றும் சொல்ல மாட்டார், எல்லாம் ஓடும் சார் என்பார். கம்பெனியின் தளத்திலேயே கையேடு இருக்கும், இறக்கி, தண்ணீர் அழுத்தம் என்ற வரியைத் தேடினால் போதும். இன்னொரு கேள்வியையும் கடையில் கேட்காமல் ஏரியாவில் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கேட்டோம்: டிரம்மைச் சுற்றியிருக்கும் டப் போல்ட் போட்டு மூடியதா, ஒட்டி மூடியதா? ஒட்டி மூடிய டப்பில் பேரிங் போனால் பேரிங்கை மட்டும் மாற்ற முடியாது, டப்பையே மாற்று என்பார்கள், அது புது மெஷின் விலையில் கணிசமான பங்கு. பழைய மெஷின் அப்படிப்பட்டதுதான், ஹீட்டர் போன சமயத்தில் பேரிங்கும் லாரி போவதுபோல உறுமிக்கொண்டிருந்தது.

அடுத்து கரண்ட். வீட்டில் எல்லோரும் வாஷிங் மெஷினைச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொடுவார்கள், "சுர்ருன்னு இருக்கும்டா, அவ்வளவுதான்" என்று அக்கா சாதாரணமாகச் சொல்கிறாள்! மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், மெஷினின் உடம்பில் 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மெஷின் கெட்டுப்போய் இல்லை. இந்த மெஷின்களுக்குள் மின் இரைச்சலை அடக்க இருக்கும் ஃபில்டரில் ஃபேஸுக்கும் உடம்புக்கும், நியூட்ரலுக்கும் உடம்புக்கும் நடுவே சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லையென்றால் உடம்பு ஏறக்குறைய பாதி வோல்ட்டில் மிதக்கும். சுவிட்ச் போர்டைக் கழற்றினால், எர்த் கம்பி மூன்றாவது ஓட்டையிலிருந்து புறப்பட்டுச் சுவருக்குள் போகும் இடத்தில் வெட்டி விடப்பட்டிருந்தது. பில்டர் காசு மிச்சம் பிடித்திருக்கிறார். எலக்ட்ரீஷியனை வைத்து கீழே எர்த் குழியிலிருந்து புதுக் கம்பி இழுத்து, மெயினில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இடிமின்னல் ஏற்றத்தைத் தாங்கும் சர்ஜ் பாதுகாப்பும் போட்டோம். இது எந்த மெஷின் வாங்குவதற்கும் முன்னால். ஹீட்டர் வெடித்த மெஷினை ஈரக் கையோடு தொட்டுக்கொண்டிருந்த வீடு அது, நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

வோல்டேஜும் ஆடியது. 230-க்கு 6 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பது மின்வாரியத்துக்கான வரம்பு, அதாவது 216 முதல் 244 வரை. கோடை ராத்திரியில் தெருவே ஏ.சி. போட்ட பிறகு 190-க்குப் பக்கத்தில் நின்றது, விடியற்காலையில் 250-ஐத் தொட்டது. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. நான்கு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் சீக்கிரம் நகரும்.

ஃப்ரிட்ஜில் போனது இன்வெர்ட்டர் கம்ப்ரசரை ஓட்டும் போர்டு. கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி என்று கதவில் பெரிதாக ஒட்டியிருந்தது, மாமா அதைக் காட்டிச் சண்டை போட்டுப் பார்த்தார். வாரண்டி அட்டையின் உள்பக்கத்தில் 10 வருடம் கம்ப்ரசருக்கு மட்டும், மற்ற பாகங்களுக்கு 1 வருடம். கம்ப்ரசர் லேசில் போகாது, போவது போர்டும் ஃபேனும் சென்சாரும். எது அடிக்கடி போகுமோ அதற்கு எத்தனை வருடம் வாரண்டி என்று பார்த்து வாங்க வேண்டும், பெரிய எழுத்தில் இருப்பதை வைத்து இல்லை. இந்தத் தடவை போர்டுக்கும் சேர்த்து நீட்டித்த வாரண்டி வாங்கினோம், அதுவும் கம்பெனியே தருவதை. கடை தரும் வாரண்டி பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் தலையில் இருக்கும், போனை எடுக்க வைப்பதற்குள் விடிந்துவிடும்.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் எளிமையானது, பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் கிடையாது, போவதற்கு அதில் பாகங்களே குறைவு. இரண்டு பேர் வீடென்றால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஐந்து பேருக்கு, வாரத்துக்கான மாவும் காய்கறியும் வைக்க, டபுள் டோர் தேவைப்பட்டது. மின்சிக்கன நட்சத்திரத்தில் மாமா 5-தான் வேண்டும் என்று நின்றார். லேபிளில் நட்சத்திரத்துக்குக் கீழே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண் இருக்கும், அதைப் படித்தால் குழப்பம் தீரும். ஒன்றில் 180, இன்னொன்றில் 230 என்றால் வித்தியாசம் வருடத்துக்கு 50 யூனிட், இரண்டு மாத பில்லில் 8 யூனிட் சொச்சம். அதற்காக ஏழெட்டாயிரம் கூடக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வருவதற்குள் ஃப்ரிட்ஜே போய்விடும். இன்னொன்று, அளவுகோல் அவ்வப்போது இறுக்கப்படும். ஃப்ரிட்ஜுக்கு 2023 ஜனவரியில் மாறியது, அதனால் பழைய ஸ்டாக்கின் நட்சத்திரத்தையும் புதியதன் நட்சத்திரத்தையும் ஒன்றாக வைத்து எண்ணக் கூடாது. 3 நட்சத்திரம் வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல ஸ்டெபிலைசர் போட்டோம். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓடும் என்று அட்டையில் இருந்தாலும் இந்தத் தெருவில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இண்டக்‌ஷன் கதை சின்னது. 2000 வாட் அடுப்பு, 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும், அதை 6 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் வைத்துச் செருகியிருந்தார்கள். பிளக் பாதி உருகிப் பழுப்பேறியிருந்தது. அடியில் இருக்கும் ஃபேன் ஓட்டை வழியாகக் கரப்பான் பூச்சி போர்டுவரை போய்க் குடித்தனம் நடத்தியிருந்தது. 16 ஆம்பியர் பாயின்ட் போட்டு, சாதாரண பட்டன் வைத்த, விலை குறைந்த அடுப்பு ஒன்று வாங்கினார்கள். கேஸ் தீர்ந்தால் கைகொடுக்க, அவ்வளவே. கேஸ் அடுப்பு பழையதே நன்றாக எரிகிறது, அதைத் தொடவில்லை.

மிக்சி மட்டும் இத்தனையிலும் தப்பித்தது, அத்தையின் பழைய 500 வாட். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 1000 வாட் வாங்கலாம் என்றார் மாமா. எதற்கு? ஜாரடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்தது, அது பிளேடின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்த அடையாளம். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பல் மழுங்கியிருந்தது. கப்ளரை மென்மையாகச் செய்வதே ஏதாவது சிக்கினால் மோட்டாருக்கு முன் அது போகட்டும் என்றுதான். அடியில் இருக்கும் சிவப்பு பட்டனும் அப்படித்தான், அது வெளியே தள்ளினால் மிக்சி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். புஷ், கப்ளர், ஒரு பிளேடு மாற்றியதில் புது மிக்சி மாதிரி ஆகிவிட்டது.

கிரைண்டர் இந்த வீட்டில் இல்லை, மிக்சியில்தான் மாவு அரைத்தார்கள். இதை வாங்கச் சொன்னது நான்தான், அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மிக்சி வேகத்தில் உளுந்து சூடாகிவிடும், மாவு காணாது, மோட்டாரும் திணறும். டேபிள் டாப் கிரைண்டரின் மோட்டார் 150 வாட்தான். அரை மணி நேரம் ஓடினாலும் 0.075 யூனிட். 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் இதைச் செய்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கும் அங்கேதான் பெரும்பாலும் செய்கிறார்கள், கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வருகிறது, கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்த ஒரு பொருளில் மட்டும் பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி என்று நான் பார்க்கவே மாட்டேன். பெல்ட் எங்கும் கிடைக்கும் அளவா, உருளையின் புஷ் தனியாக விற்கிறார்களா, டிரம்மைத் தனியாகக் கழற்றிக் கழுவ முடியுமா, அத்தை கையால் அந்த டிரம்மைத் தூக்க முடியுமா. கடைசிக் கேள்விக்காக அத்தையையே கடைக்கு அழைத்துப் போய்த் தூக்கிப் பார்க்கச் சொன்னோம். மூன்று கல் வைத்ததை ஒதுக்கி, இரண்டு கல் வைத்த சின்னதை எடுத்தார்.

பில்லில் ஒன்றைக் கவனித்தோம்: மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பழைய வாஷிங் மெஷின் பில்லில் 'வாஷிங் மெஷின் 1' என்று மட்டும் இருந்ததால் வாரண்டி காலத்திலேயே அலைந்திருக்கிறார்கள். புகார் இழுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். மாமா பழைய மெஷினுக்காகப் போகலாமா என்று கேட்டார். எர்த் இல்லாத பாயின்ட், வரம்புக்குக் கீழே அழுத்தம், கடினத் தண்ணீர் மூன்றையும் எதிர்த் தரப்பு எடுத்து வைத்தால் நம் கையில் என்ன இருக்கிறது என்றேன், விட்டுவிட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாஷிங் மெஷினில் ஒரே ஒரு முறை தண்ணீர் மெதுவாக வந்தது. ஹோஸ் மாட்டும் இடத்திலிருக்கும் சின்ன வலையை எடுத்துப் பார்த்தால் போர்வெல் மணலும் துருவும், பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்ததும் சரியாயிற்று. டிரம்மில் வெள்ளை படியாமல் இருக்க அவ்வப்போது எலுமிச்சை உப்புப் போட்டு வெறும் மெஷினாக ஓட்டுகிறார்கள், அந்த நேரம் ப்ளீச் எதுவும் சேர்க்கக் கூடாது. சட்டைக் காலர் மட்டும் முன்புபோல வெளுக்கவில்லை என்று அக்காவுக்குக் குறை, கடினத் தண்ணீர் சோப்பைத் தின்றுவிடும், ஊறவைத்துத்தான் போட வேண்டும். ஆர்.சி.சி.பி. ஒரு முறை விழுந்தது, தேடிப் பார்த்தால் பாத்ரூம் கீசர், அதற்குள்ளும் அதே காறை.

இப்போது அக்கா டிஷ்வாஷர் கேட்கிறாள். அதற்குள்ளேயே சாஃப்ட்னர் இருக்கும், உப்புப் போட்டால் கடினத் தண்ணீரையும் சமாளிக்கும், ஆனால் அதுவும் 0.3 பார் கேட்கிறது. தொட்டி மேடையை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தலாமா என்று அபார்ட்மென்ட் கூட்டத்தில் மாமா எழுப்பியிருக்கிறார். கீழ் வீட்டுக்காரருக்கு அழுத்தம் தாராளமாக இருப்பதால் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.